ஒற்றைக் குண்டின் மூன்று மரபுகள்

ஒஹையோ, இண்டியானா, இல்லினாய், அயோவா என்று நீளும் அமெரிக்கச் சோள நாட்டில் மான் வேட்டைக்குப் பல தலைமுறைகளாக ஷாட்கன்தான் துணை. நிலம் தட்டையானது, பண்ணை வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. ரைஃபிள் குண்டு குறி தவறினால் வெகுதொலைவு போய் விழும். அதனால் இம்மாநிலங்களின் சட்டம் நீண்ட காலம் ரைஃபிளைத் தடுத்து வைத்திருந்தது. ஒஹையோ சில வகை ரைஃபிள் தோட்டாக்களுக்கு வழிவிட்டதே 2014-இல்தான். ஷாட்கன் வழக்கமாகச் சுடும் சிறு ரவைகள் மானுக்குப் போதாது. அவற்றின் இடத்தில் ஒரே கனத்த ஈயக் குண்டை வைத்த தோட்டாவை வேட்டைக்காரர்கள் ஸ்லக் என்கிறார்கள்.

இந்தத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளும் வழக்கம் அங்கே இன்னும் வாழ்கிறது. ஆண்டுக்கு ஓரிரு பெட்டி போதும் என்பவர்களே இதில் பெரும்பாலோர். சொந்தப் பயனுக்கு நிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை, விற்பதற்கு வேண்டும். புதிதாக இறங்குகிறவர் முதலில் கேட்பது, “தோட்டா நிரப்ப எந்தப் பிரஸ் வாங்கலாம்?” என்பது. இம்மரபை ஊன்றிப் பார்த்தால் அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது என்று தெரியும். துப்பாக்கிக் குழல் குண்டைத் தீர்மானிக்கிறது. குண்டு தோட்டாவின் வாயை மூடும் முறையைத் தீர்மானிக்கிறது. அந்த முறைதான் கருவியைத் தீர்மானிக்கிறது.

மூன்று பள்ளிகள்

முதல் பள்ளி ஜெர்மானியம். லைப்சிக் நகரத்து வில்ஹெல்ம் பிரென்னெகே 1898-இல் வடிவமைத்த குண்டு திடமான ஈயம். அதன் அடியில் வாட் எனப்படும் அடைப்பு திருகால் பிணைக்கப்பட்டிருக்கும். கனம் முன்னால், இலேசான வாட் பின்னால் என்பதால் குண்டு தலைகுப்புற உருளாமல் நேராகப் பறக்கிறது. பக்கங்களில் சாய்வாக ஓடும் வரிகள் குண்டைச் சுழற்றவே என்று பலர் நம்பினர். அவற்றின் முக்கியப் பணி வேறு: குழலின் முனை குறுகும் சோக் பகுதியைக் கடக்கும்போது நசுங்கி இடம் கொடுப்பது.

இரண்டாவது அமெரிக்கப் பள்ளி. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ரைஃபிள் வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு, வீட்டில் இருக்கும் ஷாட்கன்னைக் கொண்டே மான் அடித்துச் சாப்பிட வழி தேவைப்பட்டது. 1931-இல் கார்ல் ஃபாஸ்டர் அதற்கு ஒரு விடை கண்டார். அவருடைய குண்டு பின்பக்கம் குடைவானது. இறகுப்பந்தைப் போல எடை முழுதும் மூக்கில் இருக்கும். மென்மையான ஈயத்தில் வார்க்க வேண்டும் என்பது இதன் விதி. கடினக் கலவையில் வார்த்தால் சோக்கில் நசுங்க மறுக்கும்.

மூன்றாவது சாபோ பள்ளி. குழலைவிடச் சிறிய குண்டு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும்; வெளியேறியதும் உறை கழன்றுவிடும். சுழல்வரி வெட்டிய குழலில் இது நூறு கஜத்துக்கு அப்பாலும் துல்லியம் காட்டும். வழவழப்பான குழலில் இதைப் போட்டால் சுழற்சி கிடைக்காது, போட்ட காசும் வீண். ஆகவே குழல் வழவழப்பா, வரியுள்ளதா என்று பார்ப்பதே முதல் தேர்வு.

வாயை மூடும் இரு முறைகள்

தோட்டாவின் பிளாஸ்டிக் வாயை ஆறாகவோ எட்டாகவோ மடித்து மூடுவது மடிப்பு முறை. விளிம்பை உள்நோக்கிச் சுருட்டிக் குண்டின் முகம் தெரிய விடுவது சுருட்டு முறை; இதுவே பழையது. விஸ்கான்சின் மாநிலத்து மெக் நிறுவனத்தின் 600 ஜூனியர், அதே மாநிலத்து லீ நிறுவனத்தின் லோட்-ஆல் ஆகிய இரண்டும் கைப்பிடியால் ஒவ்வொரு படியாக வேலை செய்யும் எளிய பிரஸ்கள். மடிப்பு முறைக்கு இவை தாராளமாகப் போதும். லீயின் டிரைவ்-கீ அச்சில் வார்த்த குண்டு வழக்கமான ரவை வாட்டுக்குள்ளேயே உட்காரும்படி அமைந்தது. லைமன் நிறுவனத்தின் 525 கிரெயின் எடையுள்ள குண்டும் அப்படியே. சிறு அளவில் தொடங்குபவருக்கு இவ்வழியே செலவு குறைந்தது. குண்டை மட்டும் கையால் இட வேண்டும்.

ஃபாஸ்டர் குண்டுகளுக்கும் பிரென்னெகே வகைக் குண்டுகளுக்கும் பெரும்பாலும் சுருட்டு முறைதான் பொருந்தும். அதற்குத் துளையிடும் இயந்திரமான டிரில் பிரஸ்ஸில் பொருத்திச் சுழற்றும் தலையும், தோட்டாவை அசையாமல் பிடிக்கும் பிடியும் தேவை. முன்பே மடித்து மூடிய தோட்டாவின் வாயில் மடிப்புத் தழும்பு இருக்கும். அது சீராகச் சுருளாது. புதிய தோட்டாக் கூடு வாங்குவது நல்லது. மணிக்கு நூற்றுக்கணக்கில் நிரப்பும் தொடர் இயந்திரங்கள் தட்டுச் சுடும் போட்டிக்காரர்களுக்கானவை. ஆண்டுக்கு ஐம்பது ஸ்லக் நிரப்புகிறவருக்கு அந்த வேகத்தால் பயனில்லை. ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்க்கும் வாய்ப்பைத்தான் அது பறிக்கும்.

அளவுகோல்

ஷாட்கன் குழலின் அளவைக் குறிக்கும் 12 கேஜ் என்பது ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டைக்கு வரும் விட்டம், ஏறத்தாழ 18.5 மி.மீ. அத்தனை அகலமான குழலை மெல்லிய சுவரோடு செய்திருப்பதால் அது தாங்கும் அழுத்தம் குறைவு. 1926-இல் தொடங்கிய சாமி என்னும் அமெரிக்க உற்பத்தியாளர் தரக் கழகம் 2¾ அங்குல, 3 அங்குலத் தோட்டாக்களுக்கு வகுத்த உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. .30-06 ரைஃபிள் தோட்டாவுக்கு அதுவே 60,000. ஷாட்கன்னில் தவறுக்கு இடம் எவ்வளவு சிறியது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லும்.

அந்த அழுத்தத்தை வீட்டில் எளிதாக அளக்க வழியில்லை. பரிசோதனைச் சாலையில் அளந்து அச்சிட்ட அட்டவணை ஒன்றே ஆதாரம். அதில் கூடு, தீப்பற்றவைக்கும் பிரைமர், வெடிமருந்து, வாட், குண்டு ஐந்தும் சேர்ந்ததுதான் ஒரு செய்முறை. பிரைமரை மட்டும் வேறு நிறுவனத்ததாக மாற்றினாலும் அழுத்தம் வரம்பைத் தாண்டலாம். அதே எடை ரவைக்கான செய்முறையை ஸ்லக்குக்கு எடுத்தாள்வதும் கூடாது. இம்மரபின் எல்லாப் பள்ளிகளும் ஒரே குரலில் சொல்லும் ஒழுக்கம் இது.

ஆகவே பட்டியலின் தலையில் நிற்க வேண்டியவை இரண்டு: புதிய பதிப்புக் கையேடு, பத்தில் ஒரு கிரெயின் வரை காட்டும் தராசு. பிரஸ்ஸில் மருந்தை அளந்து விடும் புஷிங் எடையால் அளப்பதில்லை, கொள்ளளவால் அளக்கிறது. மருந்து எப்படி அடர்ந்திருக்கிறது, கை எவ்வளவு அதிர்கிறது என்பதைப் பொறுத்து விழும் எடை மாறும். சில தோட்டாக்களே நிரப்புகிறவர் ஒவ்வொன்றின் மருந்தையும் எடைபோட்டே இடலாம். பெரிய இயந்திரக்காரருக்கு வாய்க்காத வசதி இது. தராசைச் சரிபார்க்கும் எடைக்கற்களையும், குண்டின் விட்டத்தை அளக்கும் காலிப்பரையும் சேர்த்து வாங்க வேண்டும்.

குண்டைத் தாமே வார்க்க விரும்புவோருக்கு உலை, அச்சு, கரண்டியோடு காற்றோட்டமும் வேண்டும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய ஈயத்துக்குள் ஒரு துளி நீர் சிக்கினாலும் ஆவியாகிச் சிதறடிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கைகழுவாமல் உணவைத் தொடலாகாது. குழந்தைகள் நடமாடும் அறையில் உலையே கூடாது. ஆண்டுக்கு இரண்டு பெட்டிக்காக இத்தனை ஏற்பாடு எதற்கு என்று நினைப்பவர் வார்த்த குண்டுகளையே விலைக்கு வாங்கலாம். அதனால் மரபுக்குக் குறைவில்லை.

பிரென்னெகேயும் ஃபாஸ்டரும் தேடியது ஒன்றே: எளியவரின் துப்பாக்கியிலிருந்து ஒரு குண்டு நேராகப் போய் விலங்கை வதைக்காமல் வீழ்த்த வேண்டும். வீட்டில் நிரப்புகிறவருக்கும் அதே கடமை உண்டு. இலக்கு அட்டையில் சுட்டுப் பார்க்காத தோட்டாவோடு காட்டுக்குள் போகக் கூடாது. கருவிக்கென ஒதுக்கிய பணத்தில் கையேட்டுக்கும் தராசுக்கும் முதலில் பங்கு கொடுங்கள். மிச்சத்துக்குக் கிடைக்கும் பிரஸ் எளியதாக இருந்தாலும் அது நல்ல தோட்டா தரும்.