சாசனத்தின் மௌனங்கள்

துருக்கியின் அங்காரா நகரில் ஹாஜி பைராம் பள்ளிவாசலை ஒட்டி நிற்கும் பழைய ரோமானியக் கோயிலின் சுவர்களில், பேரரசர் அகஸ்டஸின் தன்வரலாற்றுச் சாசனம் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. 35 பத்திகளே கொண்ட இதனை, குடியரசு முடியாட்சியாக மாறியதைப் பற்றி வென்றவரே விட்டுச்சென்ற வாக்குமூலமாக நாம் வாசிக்கிறோம்.

தமது 19ஆம் வயதில் சொந்தச் செலவில் படை திரட்டி நாட்டை மீட்டதாக அவர் தொடங்குகிறார். கி.மு. 28-27இல் ஆட்சியைச் செனட்டிடமும் மக்களிடமும் ஒப்படைத்ததாகவும், அதன்பின் செல்வாக்கில் பிறரை விஞ்சினும் அதிகாரத்தில் சக பதவியினரை விஞ்சவில்லை என்றும் கூறுகிறார்.

நடை எளிது, தன்னடக்கம் கவர்கிறது. எனினும் மௌனங்களையும் நாம் வாசித்தாக வேண்டும். எதிர்த்து நின்ற அந்தோனியின் பெயர் எங்கும் இல்லை. கி.மு. 43இல் சிசரோவைப் பலிகொண்ட கொலைப்பட்டியல் குறித்து ஒரு சொல்லும் இல்லை. சமத்துவம் பேசும் அதே சாசனம், மக்கள் காப்பாளருக்குரிய அதிகாரத்தைத் தாம் 37ஆம் ஆண்டாக வகிப்பதையும் பதிவு செய்கிறது. ஓராண்டுப் பதவி என்பதே குடியரசின் உயிர்மூச்சு அன்றோ!

பதவிகளின் பெயர்கள் மாறவில்லை. அவற்றின் ஆற்றல் ஒரு கையில் குவிந்தது. குடியரசை ஒழித்ததாக அறிவிக்காமலேயே அதனை ஒழிக்க இயலும் என்பதே இச்சாசனம் தன்னையறியாமல் நமக்குத் தரும் பாடம்.