வெள்ளைச் சேலையின் கரை

மலேசியாவின் பீடோங்கில் எங்கள் பாட்டியின் தோட்டத்து லயத்து வீட்டில் சாமி மேடைக்கு மேலே ஒரு சரஸ்வதி படம் இருந்தது. விடியுமுன் ரப்பர் மரம் வெட்டப் போகும் பாட்டி அதற்கு விளக்கேற்றிவிட்டுத்தான் படியிறங்குவார். ராஜா ரவிவர்மா 1896-ல் தீட்டிய ஓவியத்தின் அச்சு அது. அரண்மனைச் சுவரில் தொங்கும் ஓவியங்களை ஏழை வீட்டுச் சுவருக்கும் கொண்டுவந்தது, 1894-ல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகம்தான். பின்னால் தெரியும் மரங்களையும் நீரையும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஜெராய் மலையடிவாரம் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

படத்தில் சரஸ்வதியின் சேலையை வெள்ளை என்று சொல்லிவிடுகிறோம். முழங்கால் மேட்டில் மட்டும்தான் அது வெள்ளை. மடிப்புக்குள் இறங்க இறங்கச் சாம்பல், ஓரத்தில் தந்தத்தின் மஞ்சள். துணி எவ்வளவு மெல்லிசு, எங்கே உடம்பில் படிகிறது, எங்கே பாறைமேல் தானாக விழுகிறது, எல்லாம் அந்த நிழல்களிலேயே தெரிந்துவிடும். எண்ணெய் வண்ணத்தை ஈரத்தோடு ஈரமாய் இழைக்கலாம். பாட்டியின் படம்போல் கல்லில் வரைந்து எடுக்கும் கல்லச்சில் அது நடக்காது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல், புள்ளி புள்ளியாய் ஒன்றன்மேல் ஒன்று. பாட்டியின் படத்தை மூக்குரசப் பார்த்தால் கன்னமெல்லாம் மணல்போல் சிவப்புப் புள்ளிகள். ஓரடி தள்ளி நின்றால் உயிருள்ள கன்னம்.

முன்கைகள் வீணையில், பின்கைகளில் ஏடும் ஜபமாலையும். கைகள் நான்கு என்பதையே மறக்கவைக்கிறது அந்த முகம். வரம் தரும் தோரணை அதில் இல்லை. மீட்டிய சுரம் அடங்கட்டும் என்று காத்திருக்கும் ஒரு பெண்ணின் அமைதி. பக்கத்து மயில்கூடத் தோகை விரிக்கவில்லை.

சேலையின் கரையில் ரவிவர்மா தங்கத்தை அள்ளிப் பூசவில்லை. மஞ்சளும் பழுப்பும் வைத்து, வெளிச்சம் படும் இடத்தில் மட்டும் ஒரு கீற்று. பாட்டிக்கு அது போதவில்லை. சாமி படத்தில் சரிகையும் ஜிகினாவும் தைப்பது அந்தக் காலத்து வழக்கம். தன் கல்யாணச் சேலையில் பிரிந்த சரிகையை எடுத்து, கரை நெடுகத் தைத்திருந்தார். ஓவியர் வைத்த கீற்று அதற்கடியில் மறைந்துபோனது. ஆனாலும் அந்த வெள்ளைமேல் ஒரு ஜிகினாகூட அவர் ஒட்டவில்லை. அந்த நிதானத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சட்டம் மாற்றக் கழற்றியபோதுதான் படத்தின் முதுகைப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசித்துளைகள் மட்டும்: தோளிலிருந்து இறங்கி, முழங்காலில் திரும்பி, பாறைமேல் விழும் ஒரே கோடு.