சந்தை விளையாட்டில் சொந்த ஸ்கிரிப்ட்: எதுவரை நியாயம்?

வாங்கி விற்றுப் பணம் சேர்க்கும் இணைய விளையாட்டுகளை ஆடுகிறவர்களில், கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் தளம் காட்டும் பக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. பிரவுசரில் டாம்பர்மங்கி போன்ற ஒரு நீட்சியைப் போட்டு, பத்து இருபது வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதி, தங்களுக்கு வேண்டியபடி பக்கத்தை மாற்றிக்கொள்கிறார்கள். 2004இல் ஃபயர்ஃபாக்ஸுக்காக வந்த கிரீஸ்மங்கி தொடங்கிவைத்த பழக்கம் இது. இது கெட்டிக்காரத்தனமா, கள்ள ஆட்டமா?

கே.கே. நகர் முனுசாமி சாலைப் பக்கம் எங்கள் குடியிருப்பில் இருக்கும் பொறியியல் மாணவன் ஒருவன் எழுதியதையே எடுத்துக்கொள்வோம். அவன் ஆடுவது டோர்ன். 2004இலிருந்து நடக்கும் எழுத்துவழிக் குற்ற உலக விளையாட்டு அது. ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பஜார் வைத்திருப்பார்கள். பொதுச் சந்தையும் பங்குச்சந்தையும் தனி. விலையெல்லாம் டாலரில், பல பொருள்களுக்கு மில்லியன் கணக்கில் இருக்கும். இவனுடைய ஸ்கிரிப்ட், திறந்திருக்கும் பஜாரில் ஒவ்வொரு பொருளின் விலையையும் படித்து, சந்தை விலையோடு ஒப்பிட்டு, மலிவானதைப் பச்சையாகக் காட்டும். தொகையை லட்சம், கோடி என்று நமக்குப் பழகிய கமாவோடு எழுதும்.

முதல் தடவை ஓட்டியபோது பஜார் முழுக்கப் பச்சை. காரணம் கமா. பக்கத்தில் 1,250,000 என்று இருப்பது எண் அல்ல, எழுத்துகளின் வரிசை. அதை, எழுத்தை எண்ணாக்கும் ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்இன்ட்டிடம் கொடுத்தால் முதல் கமாவிலேயே நின்றுவிட்டு, விலை 1 என்று சொல்லிவிடும். கமாக்களை நீக்கிவிட்டுக் கொடுத்ததும் சரியானது. சொந்தமாக எழுதுவதன் முதல் லாபம் இதுதான். தன் கருவி எங்கே பொய் சொல்லும் என்று அவனுக்குத் தெரியும்.

அவனுடைய வாதம் சுருக்கமானது: “நான் புதுசா எதையும் எடுக்கலை அங்கிள். பக்கத்துல இருக்கறதைத்தான் கணக்குப் போட்டுக் காட்டுறேன்.” ஸ்கிரிப்ட் எழுதுகிற எல்லோரும் சொல்வது இதுதான்: மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்வது எப்படித் தப்பாகும்?

சதுரங்கத்தில் காய்களின் நிறத்தை மாற்றிக்கொண்டால் எதிராளிக்கு ஒன்றும் குறையாது. சந்தை விளையாட்டில் விஷயம் வேறு. அங்கே லாபம் என்பதே, ஒருவர் கவனித்ததை இன்னொருவர் கவனிக்காமல் விட்டதிலிருந்து வருவது. விலையைத் தப்பாகப் போட்ட பஜாரை முதலில் பார்ப்பவனுக்கே பொருள். ஆகவே ‘காட்டுவது மட்டும்தான் செய்கிறேன்’ என்பது சந்தையில் பாதி உண்மைதான். நன்றாகப் பார்ப்பதே அங்கே பாதி வியாபாரம். இந்த வாதத்தை வைத்து மட்டும் ஸ்கிரிப்டை நியாயப்படுத்த முடியாது.

டோர்ன் நிர்வாகம் போட்டிருக்கும் கோடு இதற்கு ஓரளவு விடை தருகிறது. நீங்களே திறந்து, பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்திலிருந்து ஸ்கிரிப்ட் படிக்கலாம். உங்கள் கை கிளிக் செய்யாமல் தளத்துக்கு எந்தக் கோரிக்கையும் போகக் கூடாது. பின்னணியில் தகவல் வேண்டுமென்றால் அதற்கென்று ஏ.பி.ஐ. இருக்கிறது: எல்லோருக்கும் சாவி, எல்லோருக்கும் நிமிடத்துக்கு 100 கோரிக்கை என்ற ஒரே வரம்பு. தகவலை எடுக்கும் வாசலும் வேகமும் பொதுவானவை. மிஞ்சுவது அதை வைத்து யார் என்ன யோசிக்கிறார்கள் என்பதுதான். ஆளில்லாமல் பக்கம் பக்கமாகத் திறந்து பொருளை அள்ளும் ஸ்கிரிப்ட், தூங்குகிறவனையும் சந்தையில் உட்கார வைக்கிறது. அது கள்ள ஆட்டம், வாதிட ஒன்றுமில்லை.

நிஜச் சந்தையும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. சிறு முதலீட்டாளர் தானே எழுதிய அல்கோவாக (தானாக ஆர்டர் போடும் நிரலாக) இருந்தாலும், ஆர்டர் போகும் வேகம் குறித்த அளவைத் தாண்டினால் தரகர் வழியாகப் பங்குச்சந்தையில் பதிவு செய்ய வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி சொன்னது. விலைப் பட்டியலை எந்த நிறத்தில் பார்க்கிறீர்கள் என்று அது கேட்கவில்லை. கை வைக்கும் வேகத்தைத்தான் கேட்டது.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 அக்டோபர் 17 அன்று சோனி–டேட்டல் வழக்கில், விளையாட்டு ஓடும்போது நினைவகத்தில் உள்ள மாறிகளின் மதிப்பை மட்டும் மாற்றுவது நிரலின் பதிப்புரிமையை மீறாது என்றது. ஆனால் 2025 ஜூலையில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், இணையப் பக்கத்தின் நிரலைப் பிரவுசரில் மாற்றும் விளம்பரத் தடுப்பான் வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லி ஹாம்பர்க்குக்குத் திருப்பி அனுப்பியது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதியின்றிக் கணினியிலிருந்து தரவைப் பிரித்தெடுப்பதைக் குறிப்பிடுகிறது. பார்க்கும் பக்கத்தை அழகுபடுத்துவது ஒன்று, தளத்தையே சுரண்டி எடுப்பது வேறொன்று.

இரவல் ஸ்கிரிப்ட் பற்றியும் சொல்ல வேண்டும். தளத்தில் உங்களால் என்னென்ன செய்ய முடியுமோ, அத்தனையும் அந்தப் பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்டாலும் செய்ய முடியும், ஏ.பி.ஐ. சாவியை வேறெங்கோ அனுப்பவும் முடியும். 2005இல் கிரீஸ்மங்கியிலேயே, கணினியில் உள்ள கோப்புகளைத் தளங்கள் படிக்க வழிவிடும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு அவசரமாக அடைக்கப்பட்டது. வரி வரியாகப் படிக்க முடியாத ஸ்கிரிப்டை ஓட்டுவது, முகம் தெரியாதவரை உங்கள் பேரில் வியாபாரம் செய்ய விடுவது.

ஆக, என் தீர்ப்பு இது. கையால் திறந்த பக்கத்தையும் பொது வாசலில் வரும் தகவலையும் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டும் சொந்த ஸ்கிரிப்ட் நியாயமானது. ஆட்டத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை வேண்டும்: அதே ஸ்கிரிப்டைப் போட்டியாளரிடம் கொடுக்கத் தயாரா? கொடுத்தால் லாபம் கொஞ்சம் குறையும், ஆட்டம் தொடரும் என்றால், அது கருவி. கொடுத்தால் ஆட்டமே நின்றுவிடும், எல்லோரும் இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றால், அது மோசடி. எத்தனை வரி, எவ்வளவு அழகான நிரல் என்பது கணக்கில் வராது. எங்கள் குடியிருப்பு மாணவனின் ஸ்கிரிப்ட் இந்தச் சோதனையில் தேறுகிறது. அவன் அடுத்துச் சேர்க்க நினைக்கும், பச்சையைக் கண்டதும் தானாகவே வாங்கும் வரி தேறாது.