நடராஜன் என்ன வேலை பார்த்தான்?

ஆடு மேய்ப்பது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ சொல்லிக்கொடுத்தது. கட்டுமரத்தில் போகிறவன் காற்றையும் நீரோட்டத்தையும் எப்படிக் கணிக்கிறான் என்பதை ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ சொன்னது. நான் மயிலாப்பூரிலும் அடையாறிலும் வளர்ந்தவன். கடல் என்றால் எனக்கு எலியட்ஸ் பீச் சுண்டல்தான். அப்படிப்பட்டவனுக்கே அந்த உழைப்பு புரிகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். தமிழ் நாவல்களை மட்டும் படிக்கிற ஒருவருக்கு, சோழிங்கநல்லூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் காலையிலிருந்து ராத்திரி வரை என்ன நடக்கிறது என்று தெரியுமா? தெரியாது. சம்பளம் வாங்குகிறார்கள், குடிக்கிறார்கள், கள்ள உறவு வைத்துக்கொள்கிறார்கள், கடனில் மாட்டுகிறார்கள், செத்துப்போகிறார்கள். நடுவில் வேலை என்று ஒன்று பார்ப்பார்களே, அதைக் காணோம்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. இரா. முருகனின் ‘மூன்று விரல்’ இருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்று மூன்று பொத்தான்களை அமுக்குகிற விரல்கள்தான் தலைப்பு. புராஜெக்ட் எப்படி இழுத்துக்கொண்டு போகும், கிளையன்ட் முன்னால் எப்படிப் பல்லிளிக்க வேண்டும் என்று தெரிந்த கை எழுதியது. விநாயக முருகனின் ‘ராஜீவ்காந்தி சாலை’ நிலத்தை விற்றவர்களின் பக்கம் போகும்போது எனக்கு மிகவும் பிடித்தது. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அதற்குப் பொறுமை போய்விடுகிறது. பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

“கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து தட்டறதுல என்னய்யா கதை இருக்கு?” என்று இலக்கிய நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ‘கரைந்த நிழல்கள்’ படிக்கிறவரை.

அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். 1969இல் வந்த அந்த நாவல் சினிமாவைப் பற்றியது, ஆனால் சினிமாவின் பளபளப்பைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். விடிவதற்கு முன்னால் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஆட்களைக் கிளப்ப வேண்டும். வண்டி வந்ததா, யார் இன்னும் வரவில்லை, யாருக்கு எங்கே சாப்பாடு. புரொடக்ஷன் மேனேஜர் நடராஜனின் கவலை இதெல்லாம்தான். தயாரிப்பாளர் ரெட்டியாரின் படம் நின்றுபோகிறது. ஒரு படம் நின்றால் எத்தனை வீட்டில் அடுப்பு அணைகிறது என்று ஆசிரியர் கணக்குச் சொல்வதில்லை. நடராஜன் கடைசியில் என்ன ஆனான் என்பதுகூடப் பேச்சுவாக்கில் வந்துபோகிறது. நமக்குத்தான் தூக்கிவாரிப் போடும். ஏனென்றால் அவன் என்ன வேலை பார்த்தான் என்பதை நாம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். வேலை தெரியாமல் வேலை போவதை மட்டும் எழுதினால் அது வெறும் செய்தி.

‘தண்ணீர்’ 1973இல் புத்தகமானது. அதை 2019 ஜூனில் மறுபடி எடுத்துப் படித்தேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்த மாதம். ஓஎம்ஆர் கம்பெனிகள் சிலவற்றில் பாத்ரூமுக்குத் தண்ணீர் இல்லாமல் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றார்கள். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கத்துக்கு வந்தது. நாற்பத்தாறு வருஷம் கழித்தும் ஜமுனாவின் குடம் நிரம்பவில்லை. குடத்துக்குப் பதில் லாரி, லாரிக்காக அபார்ட்மென்ட் அசோசியேஷனில் சண்டை, அவ்வளவுதான் வித்தியாசம். அசோகமித்திரன் 2017 மார்ச்சில் போய்விட்டார். அந்தக் கோடையை அவர் பார்க்கவில்லை.

நம் காலத்து நாவலுக்கு இந்தப் பார்வையே இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். இமையத்தின் ‘செல்லாத பணம்’ இருக்கிறதே. எஞ்சினியரிங் படித்த பெண் ஆட்டோ ஓட்டுகிறவனைக் கல்யாணம் செய்துகொண்டு, தீக்காயத்தோடு ஜிப்மருக்கு வருகிறாள். அதன்பின் நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காய வார்டுக்கு வெளியே காத்திருப்பதுதான். எத்தனை சதவீதம், எப்போது உள்ளே விடுவார்கள், யாரிடம் கேட்பது. கையில் காசு வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் அப்பா நிற்கிறார். 2020க்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

பொதுவாக விருதும் பேச்சும் வேறு பக்கம் போகின்றன. ‘காவல் கோட்டம்’, ‘கொற்கை’, ‘அஞ்ஞாடி’ மூன்றும் அகாதெமி பெற்றவை, மூன்றுமே ஆயிரம் பக்கத்தைத் தாண்டியவை, மூன்றும் பழைய காலத்துக்குப் போகிறவை. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. பூமணியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நந்தனம் புத்தகக் காட்சியில் ஒரு புதிய நாவலைக் கையில் எடுத்தாலே மணிக்கட்டு வலிக்கிறது, எத்தனை வருஷ ஆராய்ச்சி என்று பின்னட்டை பெருமைப்படுகிறது. பக்கத்து மாநிலத்தில் விவேக் ஷான்பாக் — அவரும் எஞ்சினியர் படிப்பு படித்தவர் — நூற்றுச் சொச்சம் பக்கத்தில் ‘காச்சர் கோச்சர்’ எழுதி ஒரு பெங்களூர்க் குடும்பத்தின் புதுப் பணத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டிவிட்டார். அதில் கதை சொல்கிறவன் வேலையே பார்ப்பதில்லை. அந்த வேலையில்லாத சம்பளம்தான் கதை.

வேலையைப் பார்க்காததால் நாம் இழப்பது எஞ்சினியர்களின் சுயபுராணத்தை மட்டும் அல்ல, அது போனால் போகட்டும். அதே மாடியில் தரை துடைக்கிற பெண்களில் பலர் கண்ணகி நகரிலிருந்து வருகிறார்கள். நகரத்தின் நடுவிலிருந்த குடிசைகளைப் பிரித்து, 2000க்குப் பிறகு துரைப்பாக்கத்தில் கொண்டுபோய்க் குடியேற்றியவர்கள். ஒப்பந்தம் கைமாறினால் அவர்களுடைய அடையாள அட்டை ஒரே நாளில் கதவைத் திறக்காமல் போகும். அலுவலகத்துக்குள் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கிற நாவல் என்றால் இவர்கள் தாமாகவே உள்ளே வந்திருப்பார்கள்.

என் டீமில் விருத்தாசலம் பக்கத்துப் பையன் ஒருவன். ‘செல்லாத பணம்’ கொடுத்தேன், இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டான். “எங்க ஊர் ஆளுங்க பேசற மாதிரியே இருக்குண்ணா. நான் இப்ப இருக்கற இடம் எதுலயாவது இருக்காண்ணா?” என்றான். என்னத்தைச் சொல்ல? ‘கரைந்த நிழல்கள்’ கொடுத்திருக்கிறேன். நாற்பது பக்கம் தாண்டியிருப்பான் போல. “இந்த நடராஜன் பண்றது நம்ம டெலிவரி மேனேஜர் வேலைதானேண்ணா?” என்று நேற்று வாட்ஸப்பில் கேட்டான்.