வியூஃபைண்டரில் ஆழம் பார்ப்பது எப்படி?

எஸ்எல்ஆர் கேமராவில் எஃப் 11 வைத்துவிட்டு வியூஃபைண்டருக்குள் பார்த்தால் எஃப் 11 தெரியாது. லென்ஸ் முழுசாகத் திறந்தேதான் இருக்கும். கிளிக் செய்யும்போதுதான் அப்பர்ச்சர் இதழ்கள் சுருங்கும். காட்சி வெளிச்சமாக இருக்க, ஃபோக்கஸ் சுலபமாக அமையச் செய்த ஏற்பாடு இது. பின்னணி எவ்வளவு தெளியும் என்பதோ படம் வந்த பிறகுதான் தெரியும்.

அதற்குத்தான் லென்ஸ் மவுண்ட் ஓரத்தில் ‘டெப்த் ஆஃப் ஃபீல்ட் பிரிவியூ’ பொத்தான். பலர் தொடுவதே இல்லை. தொட்டவர்களும் ‘ஒரே இருட்டு’ என்று விரலை எடுத்துவிடுவார்கள். எஃப் 2.8இலிருந்து எஃப் 8க்குப் போனால் ஒளி எட்டில் ஒரு பங்குதான், இருட்டாமல் என்ன செய்யும்? அழுத்தியபடியே இருங்கள். ஐபீஸைச் சுற்றி வெளிச்சம் புகாமல் இன்னொரு கையால் மறைத்து, கண் பழகும்வரை பொறுங்கள்.

பழக மொட்டைமாடிக் கொடிக்கயிறு போதும். ஒரு முனையில் நின்று மூன்றாவது கிளிப்பில் ஃபோக்கஸ் செய்யுங்கள். அப்பர்ச்சரை ஒவ்வொரு படியாகச் சுருக்கி அழுத்திப் பாருங்கள். நாலாவது கிளிப்பின் ஸ்பிரிங் துலங்கும், பிறகு ஐந்தாவது. தெளிவு பின்பக்கம் தாராளமாகவும் முன்பக்கம் கஞ்சத்தனமாகவும் பரவும்.

இரவில் சீரியல் பல்பு கிடைத்தால் இன்னும் விசேஷம். கிட்டத்தில் ஃபோக்கஸ் வைத்தால் தூரத்துப் பல்புகள் ஒளித்தட்டுகளாகும். பிரிவியூவை அழுத்தியதும் அவை சட்டென்று சிறுத்து, பழைய லென்ஸ்களில் இதழ்களின் எண்ணிக்கைக்கேற்ப முனை முனையாகும். அந்தக் கணத்துக்காகவே நான் மிரரும் பிரிசமும் உள்ள கேமராவை விடவில்லை.

ஆனால் முழுசாகத் திறந்த நிலையிலும் வியூஃபைண்டரை அப்படியே நம்பாதீர்கள். ஆட்டோஃபோக்கஸ் கேமராக்களின் ஃபோக்கசிங் ஸ்கிரீன், பிரகாசத்துக்காகவே செதுக்கப்பட்டது. லென்ஸின் விளிம்பு வழியாக வரும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பாது. எஃப் 1.4 லென்ஸ் போட்டாலும் உங்களுக்குத் தெரிவது ஏறக்குறைய எஃப் 2.8இன் ஆழம்தான், படத்தில் அதே ஒளித்தட்டு இருமடங்கு பெரிதாக வரும். சந்தேகமென்றால் எஃப் 1.4 லென்ஸில் எஃப் 2 வைத்து பிரிவியூவை அழுத்துங்கள்: காட்சி இருண்டதாகவே தோன்றாது. கேனான் 5டி மார்க் 2க்கு வந்த ‘ஈஜி-எஸ்’ ஸ்கிரீன் இந்தக் குறையைத் தீர்க்கத்தான்; எஃப் 2.8ஐவிட மந்தமான லென்ஸ் போட்டால் அதில் காட்சி மங்கும்.

மிரர்லெஸ்காரர்களுக்கு இருட்டுத் தொல்லை இல்லை, திரையே வெளிச்சத்தை ஈடுகட்டிவிடும். ஆனாலும் நிக்கான் இசட் 6, இசட் 7 போன்றவை லைவ் வியூவில் எஃப் 5.6 வரைதான் சுருங்கிக் காட்டும். எஃப் 11இன் ஆழம் பார்க்க, முன்பக்க எஃப்என் பட்டன் ஒன்றுக்கு பிரிவியூ வேலையை மெனுவில் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.