அன்னமும் அகதியும்: தூதும் உவமையும் பற்றிய ஒரு நோக்கு

தமிழ்க் கவிதையிற் பறக்கும் பறவைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. சில கண்டறிந்தவை; சில கேட்டறிந்தவை. அன்னம் இவ்விரு வகையும் கலந்து உருவான பறவை. பாலையும் நீரையும் பிரித்துண்ணும் இயல்பு உலகில் எப்பறவைக்கும் இல்லை. இத்தகைய கற்பனைப் பறவைக்கு இயற்கை வரலாறு தேடுவது வீண் முயற்சி எனத் தோன்றலாம். எனினும், பருவந்தோறும் நெடுவழி சென்று மீளும் பறவையைப் பண்டைப் புலவர் பாடிய முறைக்கும், இடம்பெயர்ந்த மக்களைப் 'புலம்பெயர் பறவைகள்' என்று இன்று பாடும் முறைக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. அதனைக் காங்கேசன்துறையை முன்வைத்து இங்கு நோக்குவோம்.

புறநானூற்றின் 67ஆம் பாட்டில் பிசிராந்தையார் ஆண் அன்னம் ஒன்றை விளித்துப் பேசுகிறார். அது தென்குமரித் துறையில் அயிரை மீனை உண்டு வடமலை நோக்கிச் செல்வது. இடைவழியில் உறையூரிற் கோப்பெருஞ்சோழனைக் கண்டு தம் பெயரைச் சொன்னால், அதன் பேடைக்கு அணிகலன் கிடைக்கும் என்கிறார் புலவர். இமயத்தைக் கடந்து குளிர்காலத்தில் தெற்கே வரும் வரித்தலை வாத்தே இவ்வன்னம் எனக் கருதுவோர் உளர். வழி பொருந்துகிறது, உணவு பொருந்தவில்லை. வரித்தலை வாத்துப் பெரும்பாலும் புல்லும் தானியமும் மேய்வது. ஆகவே, வலசைப் பறவை ஒன்றின் பாதையும் வேறொரு நீர்ப்பறவையின் இரையும் இங்கு ஒன்றாயின எனலாம். உடல் கற்பனையாயினும், அது செல்லும் வழி கற்பனையன்று.

சத்திமுற்றப் புலவரின் நாரைப் பாட்டோ நேர்க்காட்சியில் விளைந்தது. பிளந்த பனங்கிழங்கை நாரையின் அலகுக்கு உவமையாக்கிய அவரது கண்ணின் கூர்மையை யாழ்ப்பாணத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. செங்காலும் செவ்வலகும் உடைய அந்நாரை குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வந்து, பின் வடக்கே மீள்வது. வறுமையால் ஊரை விட்டு வந்து, மதுரையின் வாடையில் போர்வையின்றி நடுங்கும் புலவர், குமரியாடி வடதிசைக்குத் திரும்பும் பறவையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்புகிறார்.

இவ்விரு பாட்டுகளிலும் பறவை வேறு, மனிதன் வேறு. பறவை போகிறது, மனிதன் போகவில்லை. நாரைக்கு வழிச்செலவு வேண்டியதில்லை, புலவருக்கு வேண்டும். கைப்பொருள் இன்மையே அவரை மதுரையில் நிறுத்தி வைத்தது. பறவையின் தடையற்ற பயணத்தோடு ஒட்டி நோக்கும்போது அவ்வறுமையின் கொடுமை துலக்கமாகிறது. தூது என்னும் வடிவத்தின் சமூக உண்மை இவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது.

இனி, காங்கேசன்துறைக்கு வருவோம். 1950இல் நிறுவப்பட்ட சீமெந்துத் தொழிற்சாலை, துறைமுகம், வடபகுதிப் புகையிரதப் பாதையின் இறுதி நிலையம் என்பனவற்றால் அது உழைப்பாளர் செறிந்த பட்டினமாயிற்று. 1990இல் யுத்தம் காரணமாக அம்மக்கள் வெளியேறினர். தொழிற்சாலை இயக்கம் நின்றது. புகையிரதமும் நின்றது. பின்னர் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. யுத்தம் 2009இல் முடிந்த பின்பும் நிலங்கள் சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டன. அயலிலுள்ள மயிலிட்டித் துறைமுகம் 2017இலேயே மக்களுக்குக் கிடைத்தது. புகையிரதம் 2015 ஜனவரியில் மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது. அவ்வகையில், பலருக்கு முன்பே புகையிரதம் ஊர் திரும்பிவிட்டது.

இம்மக்களை வலசைப் பறவைகளோடு ஒப்பிடுவது கவிதைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் வழக்காகிவிட்டது. இவ்வுவமை இரக்கத்திற் பிறந்ததே என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் விளைவு என்ன? வலசை பருவத்தின் நியதி. பறவையை யாரும் துரத்துவதில்லை. அதன் மீட்சிக்கு யாரும் அனுமதி வழங்குவதுமில்லை. இந்தியாவிலிருந்து ஆண்டுதோறும் இலங்கைக்கு வந்து மீளும் ஆறுமணிக்குருவிக்கு முட்கம்பி வேலி ஒரு பொருட்டன்று. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரிற் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியபோது, அதில் ஏறிய மனிதருக்குக் கடவுச்சீட்டு வேண்டியிருந்தது. அகதியைப் பறவையாக்கும் கவிதையில் யுத்தம் பருவமாகிறது, வெளியேற்றம் இயல்பூக்கமாகிறது, பொறுப்பாளி மறைந்துபோகிறான். சத்திமுற்றப் புலவர் பிரித்துக்காட்டியதை நாம் ஒன்றாக்கி மறைத்துவிட்டோம்.

இவ்வுவமை காலநியதியைச் சுட்டவில்லை, கூடு திரும்பும் பறவைபோல மண்பற்று மனிதரின் இரத்தத்தில் ஊறியது என்பதையே உணர்த்துகிறது என்று சிலர் வாதிடலாம். பறவையியல் இதற்கும் முழுச் சான்று தரவில்லை. நெதர்லாந்து ஆய்வாளர் பேர்டெக், ஹேக் நகருக்கு அருகே வலசை சென்றுகொண்டிருந்த 11,000க்கு மேற்பட்ட மைனாவினப் பறவைகளைப் பிடித்துச் சுவிற்சர்லாந்துக்குக் கொண்டுசென்று விடுவித்தார். முடிவுகள் 1958இல் வெளிவந்தன. முன்பு வலசை சென்று பழகிய முதிர்ந்த பறவைகள் திசையைத் திருத்திக்கொண்டு தம் பழைய குளிர்கால இடங்களை நாடின. முதன்முறை வலசை சென்ற இளம் பறவைகளோ பிறப்பில் வந்த திசையிலேயே பறந்து, தெற்கு பிரான்சையும் ஸ்பெயினையும் சென்றடைந்தன. பிறப்புத் தந்தது திசையை மட்டுமே. இடத்தை அனுபவமே தந்தது.

பறவைக்கே இடம் கற்றறிய வேண்டிய ஒன்றாயின், நலன்புரி நிலையங்களிற் பிறந்த தலைமுறை ஊரை இரத்தத்தால் அறியும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. அத்தலைமுறைக்குக் காங்கேசன்துறை சொல்லித் தரப்பட்ட ஊர். எந்த ஒழுங்கை எந்தக் கிணற்றடிக்குப் போயிற்று, எந்தக் காணிக்கு எவரிடம் உறுதி இருந்தது, தொழிற்சாலையின் வேலைமுறை மாறும் நேரத்தில் வீதி எவ்வாறு இருந்தது என்பனவற்றைச் சொல்லும் எழுத்தே அவர்களுக்கு வழிகாட்டும். இயல்பூக்கத்தைப் போற்றும் எழுத்து, கற்பிக்க வேண்டிய இக்கடமையைக் கைவிடுகிறது. ஊர் திரும்பும் உரிமையையும் அது உணர்ச்சியாகக் குறுக்கிவிடுகிறது. ஏக்கம் தணிந்தாலும் உரிமை தணிவதில்லை. ஊரை ஒருநாளும் கண்டிராத பிள்ளைக்கும் அது உண்டு.

பறவைகளைக் கவிதையிலிருந்து விலக்க வேண்டும் என்பது எமது கருத்தன்று. அவற்றைத் தூதுக்கு மீண்டும் அழைப்போம். பறவை வேலியைக் கடக்கட்டும். வேலியின் இப்பால் நிற்பவன் மனிதன் என்பதையும், அவ்வேலியை இட்டவர்களும் மனிதரே என்பதையும் கவிதை மறவாதிருக்கட்டும்.