கத்தரித்தது யார்?

லண்டனில் தாமஸ் கோரம் முயற்சியால் உருவான குழந்தைகள் காப்பகம் 1741இல் முதல் குழந்தைகளை ஏற்றது. வளர்க்க வழியில்லாத தாய்மார்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுச் சென்றார்கள். பின்னாளில் ஒருத்தி திரும்பி வந்தால் பிள்ளையை அடையாளம் காண வேண்டுமே! அதற்காகப் பதிவுத்தாளோடு ஒரு துண்டுத் துணியைக் குத்திவைத்தார்கள். அப்படிச் சேர்ந்தவை சுமார் 5,000. பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டனின் அன்றாடத் துணிகளில் எஞ்சியிருக்கும் மிகப்பெரிய தொகுப்பு இது.

ஆய்வாளர் ஜான் ஸ்டைல்ஸ் 2010இல் இவற்றைக் காட்சிக்கு வைத்தார். தாய்ப்பாசத்தின் கடிதங்களாகவே இவற்றை வாசிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த வாசிப்பு அவசரப்படுகிறது. சில துண்டுகளைத் தாயே கொண்டுவந்தாள். பலவற்றைக் காப்பகத்தின் ஊழியர்கள் குழந்தையின் உடுப்பிலிருந்து கத்தரித்தார்கள். குழந்தைக்கு வேறு பெயரும் எண்ணும் கொடுத்த அதே நிர்வாகத்தின் கத்தரிக்கோல் அது. எல்லாவற்றையும் பாசம் என்று வாசித்தால் அந்தக் கத்தரிக்கோல் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

அப்படியானால் தாயின் பங்கு என்ன? அவள் தேர்ந்தெடுத்த துணி. ஆடை வடிவமைப்பின் வரலாறு பெரும்பாலும் பட்டின் வரலாறு. ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் பட்டுக்குப் பூ வரைந்த அன்னா மரியா கார்த்வெயிட்டின் ஓவியங்கள் அவர் பெயரோடு இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஏழைப்பெண்ணின் ரசனைக்கு அப்படி ஓர் இடமில்லை. இந்தியச் சீட்டித் துணியின் மோகத்தை அடக்க 1721இல் சட்டம் வந்தது. அந்தச் சீட்டியைப் பார்த்து இங்கிலாந்தில் மலிவாக அச்சிட்ட பூக்களும் இலைகளும் பறவைகளும் இந்தப் பதிவேட்டில் கிடக்கின்றன. வறுமையிலும் அவளுக்கு ஒரு பூ பிடித்திருந்தது. பிள்ளையைப் பிரிந்ததால்தான் அது நமக்குத் தெரியவருகிறது.

1767 பிப்ரவரியில் சாரா பெண்டர் என்பவர் தம் மகனை ஒப்படைத்தார். இதயம் தைத்த ஒட்டுத்துணியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தாம் வைத்துக்கொண்டார். 1775இல் வந்து மகனை மீட்டார். இந்தத் தொகுப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் விரும்பிச் சொல்லும் கதை இதுதான். ஆனால் 1741க்கும் 1760க்கும் இடையே சேர்க்கப்பட்ட 16,282 குழந்தைகளில் மீட்கப்பட்டவர்கள் 152 பேர் மட்டுமே. சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே இறந்தார்கள். ஒரு சாராவின் இதயத்தை மட்டும் காட்டினால், திரும்பி வர முடியாதவர்கள் அன்பு குறைந்தவர்களாகிவிடுகிறார்கள்.

ஆகவே மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். அருங்காட்சியகத்தில் அழகான துணித்துண்டு ஒன்றைப் பார்த்தால், அதன் பூவை ரசியுங்கள். பிறகு ஓரத்தைப் பாருங்கள். கத்தரித்தது யார், எதற்காக, மீதித் துணி எங்கே போயிற்று என்று கேளுங்கள்.